சம்பந்தி வீட்டுச் சுரங்கக் கதை

என் மகள் கர்ப்பமாக இருக்கிறாள் என்று தெரிந்த மறு வாரமே என் சம்பந்தியைச் சரித்திரம் பிடித்துக்கொண்டது.

சம்பந்தி என்றால் என் மருமகனின் தகப்பன். வெள்ளைக்காரர். வாழ்நாள் முழுவதும் சிட்னியில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இறந்தபிறகு எங்கள் மெரிலேண்ட்ஸ் வீட்டிலிருந்து கொஞ்சத் தூரத்தில் தனியாக இருக்கிறார். கலியாணம் பேசிய காலத்தில் அவரை ஆங்கிலேயர் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். கலியாணப் பதிவு முடிந்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் கணவர் ஏதாவது பேசவேண்டுமே என்று, உங்கள் முன்னோர் இங்கிலாந்தில் எந்தப் பக்கம் என்று கேட்டார். சம்பந்தி முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார்.

"நாங்கள் இங்கிலிஷ் இல்லை. கோர்னிஷ்" என்றார்.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கடலுக்குள் காலை நீட்டிக்கொண்டு கிடக்கும் நிலம் கோர்ன்வால். அந்தச் சனங்களுக்குத் தனிமொழி இருந்திருக்கிறது. தகரமும் செம்பும் தோண்டிப் பிழைத்தவர்கள். அங்கே சுரங்கங்கள் படுத்தபோது கப்பலேறித் தென் ஆஸ்திரேலியாவின் செம்புச் சுரங்கங்களுக்கு வந்து, பிறகு நாடெங்கும் பரவிப்போனார்கள். இதையெல்லாம் சம்பந்தி அன்று கோழிக்கறி ஆறும்வரை விளக்கினார். வீட்டுக்கு வரும் வழியில் என் கணவர் நெகிழ்ந்துபோயிருந்தார்.

"சின்ன இனம். சொந்த மொழி. சனம் உலகம் முழுக்கச் சிதறிப் போச்சுது. எல்லாரும் வேறை ஆளெண்டு நினைக்கினம். இஞ்சேர், அந்தாள் எங்கடை ஆளப்பா" என்றார்.

அன்றிலிருந்து அவருக்குச் சம்பந்தி மீது ஒரு தனிப் பாசம்.

மகளின் செய்தி வந்தபிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் பற்றிஸ் பொரித்து வைத்திருந்தேன். பிறை வடிவில் மாவை மடித்து, உள்ளே கறி வைத்து, ஓரத்தை விரலால் நெளித்துப் பொரிக்கும் எங்கள் ஊர்ப் பலகாரம். சம்பந்திக்கு அது மிகப் பிடிக்கும். தட்டை மடியில் வைத்துக்கொண்டு அவர் விஷயத்துக்கு வந்தார். அவர் பேசியது ஆங்கிலம். இங்கே அதை என் யாழ்ப்பாணத் தமிழில் தருகிறேன்.

"பிறக்கப்போற பிள்ளைக்கு உங்கடை பக்கத்துக் கதை நிறையக் கிடைக்கும். இந்த வீட்டிலை எந்த நேரமும் ஆரோ ஒருத்தர் போனிலை சொந்தக்காரரைப் பற்றிக் கதைச்சுக்கொண்டுதான் இருக்கிறியள். என்ரை பக்கத்திலை என்ன இருக்கு? ஒரேயொரு கதைதான்."

அந்த ஒரு கதை எங்களுக்கும் மனப்பாடம். அவருடைய பூட்டனார் தென் ஆஸ்திரேலியாவில் செம்புச் சுரங்கத்தில் வேலை செய்தபோது முகடு இடிந்து வழி அடைபட்டுப்போனது. மெழுகுதிரி அணைந்துவிட்டது. கும்மிருட்டு. தண்ணீர் இல்லை. அந்த மனிதர் கலங்கவில்லை. தேவனைப் பாடத் தொடங்கினார். பாறைக்கு அப்பால் தோண்டியவர்கள் அந்தப் பாட்டுச் சத்தத்தை வைத்துக்கொண்டே வழி கண்டுபிடித்து அவரை உயிரோடு எடுத்தார்கள். இந்தக் கதையைச் சொல்லி முடிக்கும்போதெல்லாம் சம்பந்தியின் கண் கலங்கும். என் கணவரின் கண்ணும் கலங்கும்.

"மிச்சக் கதையெல்லாம் அக்காவுக்குத்தான் தெரியும். அவ பிளாக்டவுனிலை இருக்கிறா" என்றார் சம்பந்தி.

"அப்ப போய்க் கேக்கலாந்தானே" என்றேன்.

"நாங்கள் கதைக்கிறேல்லை."

"எவ்வளவு காலமா?"

"அம்மா செத்த நாளிலை இருந்து."

அவர் இன்னொரு பற்றிஸை எடுத்துக் கடித்து முடிக்கும்வரை காத்திருந்தோம். பிறகு அவர் தன் திட்டத்தைச் சொன்னார். நான் அவருடன் வரவேண்டும். அவர் என்னிடம் கேள்வி கேட்பார். நான் அதை அக்காவிடம் கேட்கவேண்டும். அக்கா என்னிடம் பதில் சொல்வா. நான் அதை அவரிடம் சொல்லவேண்டும். அக்காவிடம் மருமகன் மூலம் ஏற்கெனவே பேசியாகிவிட்டது. அவவும் இந்த ஏற்பாட்டுக்குச் சம்மதித்துவிட்டாவாம்.

"நீங்கள் அந்த வேலைதானே செய்தனீங்கள்" என்றார்.

அது உண்மை. நான் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆஸ்பத்திரிகளில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்தவள். டொக்டருக்கும் நோயாளிக்கும் நடுவில் உட்கார்ந்து, ஒருவர் சொன்னதை மற்றவருக்குக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வது என் தொழில். அதில் முதலாவது விதி, பேசுகிறவர் 'எனக்கு' என்றால் நாங்களும் 'எனக்கு' என்றே சொல்லவேண்டும். ஒருமுறை ஒரு ஐயா, "எனக்கு நாலு நாளா வயித்தாலை போகேல்லை" என்று சொல்ல, நான் விதிப்படி அதை ஆங்கிலத்தில் சொன்னேன். புதிதாக வந்த டொக்டர் பெடியன் ஐயாவை விட்டுவிட்டு என்னைக் கனிவோடு பார்த்து, நிறையத் தண்ணீர் குடியுங்கள், நார்ச்சத்து சாப்பிடுங்கள் என்று புத்தி சொல்லத் தொடங்கிவிட்டான். இடையில் பேசக்கூடாது என்பதும் விதி. ஆகவே அவன் முடிக்கும்வரை கேட்டுவிட்டு, எல்லாவற்றையும் ஐயாவிடம் தமிழில் சொன்னேன். ஐயா, "பிள்ளை, உமக்கும் அதே வருத்தமோ" என்று இரக்கப்பட்டார்.

ஆனால் ஆங்கிலத்தை ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கும்படி என்னை யாரும் கேட்டதில்லை.

சம்பந்தி போனபிறகு என் கணவர் கதவைச் சாத்திவிட்டு, "காணிப் பிரச்சினையாத்தான் இருக்கும்" என்றார். "தாய் செத்த நாளிலை இருந்து எண்டால் வேறை என்ன? வீடு அக்காவுக்குப் போயிருக்கும். நீ இதுக்குள்ளை தலையைக் குடுக்காதை."

நான் தலையைக் கொடுத்தேன். பிறக்கப்போகும் குழந்தைக்காக என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில், அந்தச் சண்டை என்னவென்று அறியாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

முதல்முறை ஒரு வீட்டுக்குப் போகும்போது வெறுங்கையோடு போகக்கூடாது. ஹரிஸ் பார்க்கில் இனிப்பு வாங்கலாமா என்று யோசித்தேன். வயதான மனுசி, சீனி வருத்தம் இருந்தால் சரியில்லை. அதனால் காலையில் எழும்பிப் பற்றிஸ் செய்தேன். அக்கா இறைச்சி சாப்பிடுவாவோ தெரியாது என்பதால் மரக்கறிப் பற்றிஸ்தான் செய்தேன். எதுவும் தெரியாத நல்லெண்ணத்தில் செய்த காரியம் அது.

சம்பந்தி என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். அன்று அவர் இஸ்திரி போட்ட சேட் போட்டிருந்தார். பிளாக்டவுன் ஸ்டேஷனைத் தாண்டியதும், "நான் பேசிறதைக் கூட்டிக் குறைச்சுச் சொல்லமாட்டியள்தானே" என்று மட்டும் கேட்டார்.

"அது என்ரை தொழில்" என்றேன்.

அக்காவின் வீடு பழைய தகட்டுச் சுவர் வீடு. முன்னால் ஒரு எலுமிச்சை மரம் காய்த்துத் தள்ளியிருந்தது. அக்காவுக்கு எண்பது தாண்டிவிட்டது. குட்டையான மனுசி, நேராக நின்றா. என் கையைப் பிடித்து உள்ளே அழைத்தா. தம்பியை அவ பார்த்த பார்வை, பார்சல் கொண்டுவந்தவனைப் பார்க்கும் பார்வை.

மூவரும் குசினி மேசையைச் சுற்றி உட்காரப் போனோம்.

"அவனிட்டைச் சொல்லுங்கோ, அந்தக் கதிரையின்ரை பின்னங்கால் ஆடும். மற்றதிலை இருக்கச் சொல்லி" என்றா அக்கா.

சம்பந்தி ஒரு முழத் தூரத்தில் நின்றார். நான் அவர் பக்கம் திரும்பி, அந்தக் கதிரையின் பின்னங்கால் ஆடும், மற்றதில் உட்காருங்கள் என்று அதே ஆங்கிலத்தில் சொன்னேன்.

"எனக்கு இது காணும் எண்டு சொல்லுங்கோ."

நான் அக்கா பக்கம் திரும்பி, "எனக்கு இது காணும்" என்றேன். சம்பந்தி அந்தக் கதிரையில் உட்கார்ந்தார். அது ஆடியது. அவர் ஆடாததுபோல் இருந்தார்.

நான் போனை மேசை நடுவில் வைத்து ஒலிப்பதிவைத் தொடங்கினேன். முதல் கால்மணித்தியாலம் மிக ஒழுங்காக நடந்தது. பூட்டனார் எந்த வயதில் கப்பலேறினார், பூட்டியார் எங்கே பிறந்தவர், அவர்களுடைய பிள்ளைகளில் யார் சுரங்கத்தில் செத்தவர், யார் காய்ச்சலில் செத்தவர். அக்கா எல்லாவற்றையும் நேற்று நடந்ததுபோல் சொன்னா. அவவுக்கு ஒரு காது மந்தம். தம்பி மெல்லப் பேசுகிறவர். நான் தெளிவாகத் திருப்பிச் சொன்னதால் சண்டை இல்லாவிட்டாலும் அங்கே என் தேவை இருந்திருக்கும் என்று எனக்கே ஒரு திருப்தி.

பிறகு தேநீர் வந்தது. நான் பற்றிஸ் பெட்டியைத் திறந்தேன்.

அக்கா ஒன்றை எடுத்தா. திருப்பிப் பார்த்தா. ஓரத்து நெளிவை விரலால் தடவிப் பார்த்தா.

"இது பாஸ்டி" என்றா.

பாஸ்டி என்பது கோர்னிஷ் சனங்களின் சாப்பாடு. அதுவும் பிறை வடிவம், அதுவும் ஓரம் நெளித்தது. எங்கள் பற்றிஸைவிடப் பல மடங்கு பெரியது. பொரிக்காமல் போறணை அடுப்பில் சுட்டு எடுப்பார்கள். சுரங்கத் தொழிலாளிகள் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கீழே இறங்குவார்களாம். உள்ளே மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், டர்னிப் என்ற கிழங்கு. இந்த நாலும்தான். வேறொன்றும் போடக்கூடாது என்பதில் அவர்கள் எவ்வளவு கண்டிப்பானவர்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

"எங்கடை ஊரிலையும் இப்பிடிச் செய்வம்" என்றேன்.

அக்கா பற்றிஸை இரண்டாகப் பிய்த்து உள்ளே பார்த்தா. "என்ன போட்டிருக்கிறியள்?"

"உருளைக்கிழங்கு, வெங்காயம், லீக்ஸ், கரட்."

சம்பந்தி யன்னலுக்கு வெளியே எலுமிச்சை மரத்தைப் பார்க்கத் தொடங்கினார்.

"கடைசியாச் சொன்னது கேக்கேல்லை" என்றா அக்கா.

"கரட்."

அவவின் முகத்தில் அன்றைக்கு முதல் சிரிப்பு வந்தது. பற்றிஸை வாயில் வைத்து, கண்ணை மூடி, மிக மெதுவாக மென்றா. பிறகு தம்பியின் பக்கம் திரும்பாமல் என்னிடம் சொன்னா.

"அவனிட்டைக் கேளுங்கோ, இதை அவன் முந்திச் சாப்பிட்டிருக்கிறானோ எண்டு."

நான் கேட்டேன்.

"இது பாஸ்டி இல்லை எண்டு சொல்லுங்கோ" என்றார் சம்பந்தி.

சொன்னேன்.

"நான் கேட்டது அதில்லை எண்டு சொல்லுங்கோ."

சொன்னேன். சம்பந்தி எலுமிச்சை மரத்திடம், "சாப்பிட்டிருக்கிறன்" என்றார்.

"எத்தினை?"

எனக்குப் பதில் தெரியும். எங்கள் வீட்டில் அவர் உட்கார்ந்து எழும்பினால் தட்டில் தூள்தான் மிஞ்சும். இறைச்சிப் பற்றிஸிலும் நான் கரட் போடுகிறவள். ஆனால் மொழிபெயர்ப்பாளர் தன்பாட்டில் பதில் சொல்லக்கூடாது. கேள்வியை மட்டும் கடத்தினேன்.

"எண்ணேல்லை" என்றார் சம்பந்தி.

அப்போதுதான் சண்டையின் காரணம் வெளியே வந்தது. காணி இல்லை, வீடு இல்லை, நகை இல்லை. தாயின் செத்தவீட்டுச் சாப்பாட்டுக்கு அக்கா தன் கையால் பாஸ்டி செய்திருக்கிறா. தம்பி ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, வந்திருந்த சனம் எல்லோருக்கும் கேட்கும்படி, "எங்கடை அம்மாவைக் கரட்டோடை அனுப்பி வைக்கிறதோ" என்று கேட்டிருக்கிறார். அக்கா தட்டுகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனவ, அதற்குப் பிறகு அவருடன் ஒரு சொல் பேசவில்லை.

இதை இரண்டு பேரும் மாறி மாறி என் மூலமாகவே ஒருவருக்கொருவர் சொன்னார்கள். நான் 'நான்' என்று அக்காவாகவும் 'நான்' என்று தம்பியாகவும் பேசிக்கொண்டிருந்தேன். ஒரு கட்டத்தில் நானே என்னைக் குற்றம் சாட்டி, நானே எனக்குப் பதில் சொல்லி, களைத்துப்போனேன்.

"அவன்தான் குடும்ப மானத்தைக் காப்பாத்தினவனாம்" என்றா அக்கா. "அவனிட்டைச் சொல்லுங்கோ. அம்மாவுக்குக் கடைசி ரெண்டு வருசம் வாயிலை பல்லில்லை. டர்னிப்பை எவ்வளவு அவிச்சாலும் தொண்டையிலை நிக்கும். கரட் போடு, அது மெதுவா இருக்கும் எண்டு சொன்னது அம்மா. செத்தண்டைக்கு நான் செய்தது அம்மா கடைசியா விரும்பிச் சாப்பிட்ட பாஸ்டி."

நான் சம்பந்தியின் பக்கம் திரும்பினேன். "அம்மாவுக்குக் கடைசி ரெண்டு வருசம்" என்று தொடங்கினேன். ஆஸ்பத்திரியில் எத்தனையோ கெட்ட செய்திகளைக் குரல் மாறாமல் சொன்னவள் நான். அன்று அந்த வசனத்தை முடிக்கக் கொஞ்சம் கஷ்டப்பட்டேன். முடிக்க வேண்டியும் வரவில்லை. சம்பந்தி என்னைத் தாண்டி அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மாவே சொன்னவ?" என்று கேட்டார். என்னிடம் இல்லை.

"ஓம். உனக்குச் சொல்லக்கூடாது எண்டும் சொன்னவ."

"ஏன்?"

"நீ ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை வந்து ரெண்டு பாஸ்டி சாப்பிட்டு, அம்மா செய்யிறமாதிரி உலகத்திலை ஒருத்தரும் செய்யேலாது எண்டு சொல்லிப்போட்டுப் போவாய். உனக்கெண்டு டர்னிப் போட்டு வேறையாச் செய்விப்பா. நீ கவலைப்படுவாயெண்டு."

"செய்விப்பாவோ? ஆர் செய்தது?"

"நான்தான். அவவாலை எழும்பி நிக்கவும் ஏலாது. நீ பஸ் ஓடுறவன், நேரத்துக்கு வந்து நேரத்துக்குப் போவாய். குசினிக்குள்ளை எட்டிப் பாத்தனியே?"

எங்கள் தொழிலில் இன்னொரு விதி உண்டு. இரண்டு தரப்பும் நேரடியாக விளங்கிக்கொள்ளத் தொடங்கினால் மொழிபெயர்ப்பாளர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். நான் போனை எடுத்து ஒலிப்பதிவை நிறுத்தினேன். ஒரு பற்றிஸைச் சாப்பிட்டேன். பிறகு சம்பந்தி எழும்பி, ஆடாத கதிரைக்கு மாறி உட்கார்ந்தார்.

இரண்டாவது தேநீரோடு மீண்டும் பதிவைத் தொடங்கினோம். சம்பந்தி உற்சாகமாகிவிட்டார். "இப்ப அந்தச் சுரங்கக் கதையைச் சொல்லு. இவையின்ரை வீட்டிலை எல்லாரும் அதை உன்ரை வாயாலை கேக்கோணும்" என்றார்.

"எந்தக் கதை? அப்பா சொன்னதோ, உண்மையானதோ?" என்று கேட்டா அக்கா.

சம்பந்தியின் முகம் விழுந்தது. அக்கா சொல்லத் தொடங்கினா. இந்தக் கதையை அவவுக்குச் சொன்னது தகப்பனின் தமக்கையாம். ஆண்கள் வெளியே போனபிறகு குசினிக்குள் பெண்களுக்கு மட்டும் சொல்லும் கதையாம்.

பூட்டனார் சுரங்கத்தில் அடைபட்டது உண்மை. ஆனால் அவர் பாடவில்லை. ஒரு சத்தமும் போடவில்லை. கோர்ன்வால் சுரங்கக்காரருக்கு ஒரு நம்பிக்கை உண்டு. பாறைக்குள்ளே குள்ளமான ஆவிகள் இருக்கும், அவை இருந்திருந்து பாறையில் தட்டும், அவற்றுக்குப் பாஸ்டியின் ஓரத்தைப் போட்டுவிட்டால் தொந்தரவு செய்யாது. வெளியே ஆட்கள் தோண்டும் சத்தம் கேட்டதும் பூட்டனார் அந்த ஆவிகள்தான் தன்னைத் தேடி வருகின்றன என்று நினைத்துவிட்டார். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு மூலையில் ஒடுங்கிவிட்டார். கையிலிருந்த பாஸ்டியை ஓரம் மட்டுமல்ல, முழுவதுமாகவே சத்தம் வந்த பக்கம் எறிந்தார். வெளியே நின்றவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஆவிகளுக்குத் தன் பெயரும் தெரிந்துவிட்டதே என்று அவர் இன்னும் பயந்தார்.

கூப்பிட்டும் பதில் இல்லாததால் ஆள் முடிந்தது என்று அவர்கள் தீர்மானித்தார்கள். மண்வெட்டியை வைத்துவிட்டுப் பாறைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, செத்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை பேசினார்கள். ஒருவர், நேர்மையான மனிதர் என்றார். இன்னொருவர், மனைவி பிள்ளைகளைக் கவனித்தவர் என்றார். மூன்றாமவர், "எல்லாம் சரி, ஆனால் கோயில் பாடகர் குழுவுக்கு இனித்தான் விடிவுகாலம். அந்தாளுக்கு ஒரு பாட்டும் சுதியிலை நிண்டதில்லை" என்றார்.

பாறைக்குள்ளேயிருந்து, "ஆரடா அது சொன்னது?" என்று ஒரு குரல் வந்தது.

அப்படித்தான் அவரைக் கண்டுபிடித்தார்கள்.

நான் சிரித்ததில் தேநீர் மூக்கில் ஏறிவிட்டது. சம்பந்தி சிரிக்கவில்லை.

"அப்பா அப்பிடிச் சொல்லேல்லை."

"அப்பா ஞாயிற்றுக்கிழமைகளிலை பிரசங்கம் வைச்ச மனுசன். அவர் எப்பிடிச் சொல்லுவார்? பேய்க்குப் பயந்தவன்ரை பேரன் எண்டு சொல்லிப்போட்டுப் பிரசங்க மேடையிலை ஏறேலுமே?"

திரும்பி வரும் வழியெல்லாம் சம்பந்தி துக்கவீட்டுக்காரர்போல் கார் ஓட்டினார். நான் ஆறுதல் சொல்லத் தொடங்கி, சிரிப்பு வந்துவிடுமென்ற பயத்தில் பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

வீட்டில் என் கணவர் வாசலிலேயே நின்றார். "காணிதானே?"

"கரட்" என்றேன்.

அவர் நெடுநேரம் நம்பவில்லை. கரட்டுக்குப் பின்னால் ஏதோ காணி இருக்கிறது என்றுதான் இன்றுவரை சொல்கிறார்.

மகள் ஒலிப்பதிவைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டாள். கொஞ்ச நேரத்தில் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். "அம்மா, இட்ஸ் ஆல் இன் இங்லிஷ். ஒய் ஆர் யூ சேயிங் எவ்ரிதிங் ட்வைஸ்?" நான் தொழில்முறை விளக்கம் ஒன்றைக் கொடுத்தேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஒரு வாரம் கழித்துச் சம்பந்தி போன் எடுத்தார்.

"நான் நல்லா யோசிச்சுப் பாத்தன். அக்கா சொல்லுறதுதான் உண்மை" என்றார்.

"எப்பிடித் தெரியும்?"

"எங்கடை குடும்பத்திலை ஒருத்தருக்கும் பாட வராது. சின்னனிலை என்னைக் கோயில் பாடகர் குழுவிலை சேர்த்தவை. பிறகு, வாயை மட்டும் அசை, சத்தம் வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டினம். அப்பாவும் பாடினால் நாய் ஓடிப்போகும். அப்பிடியிருக்க, பூட்டனார் மட்டும் எங்கையிருந்து பாடியிருப்பார்? அவர் பாடியிருந்தால் தோண்டினவை திரும்பிப் போயிருப்பினம்."

அவர் சொன்ன விதத்தில் ஒரு சமாதானம் இருந்தது. வீரரான பூட்டனாரை இழந்ததற்குப் பதிலாகத் தன்னைப்போல ஒரு பூட்டனார் கிடைத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருடத்தின் கோடைகாலத்தில் குடும்பத்தின் எல்லாக் கிளைகளையும் பரமட்டாவில் ஒரு பூங்காவுக்கு அழைத்துச் சம்பந்தி ஒரு ஒன்றுகூடல் வைத்தார். மகளுக்கு அப்போது நல்ல வயிறு. மரத்து நிழலில் கதிரை போட்டு உட்கார்த்தினோம். மேசையில் இரண்டு தட்டுப் பாஸ்டி. ஒன்றில் டர்னிப் என்றும் மற்றதில் அம்மாவின் கரட் என்றும் சம்பந்தி கைப்பட எழுதிய அட்டைகள். பக்கத்தில் என் பற்றிஸ். அதற்கு அட்டை இல்லை. முதலில் முடிந்தது அதுதான் என்பதை இங்கே சொல்லாமல் விடமுடியாது.

சம்பந்தி எழும்பி நின்று இரண்டு கதைகளையும் சொன்னார். தகப்பனின் கதையை முதலிலும், அக்காவின் கதையை இரண்டாவதாகவும். "ஆரடா அது சொன்னது" என்ற இடத்தை மட்டும் அக்காவிடம் விட்டுக்கொடுத்தார். அக்கா உட்கார்ந்தபடியே அதைச் சொன்ன விதத்தில் பக்கத்து மரத்தடியில் பிறந்தநாள் கொண்டாடிக்கொண்டிருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். சனம் விழுந்து விழுந்து சிரித்தது.

சிரிப்பு அடங்கியபோது, அடிலெயிட்டிலிருந்து வந்திருந்த ஒரு தூரத்துச் சகோதரர் கையை உயர்த்தினார். வயதான மெலிந்த மனிதர். வெயில்தொப்பி போட்டிருந்தார்.

"நல்ல கதை" என்றார். "ஆனால் அது உங்கடை பூட்டனாருக்கு நடந்ததில்லை. என்ரை பூட்டனாருக்கு நடந்தது. உங்கடை ஆள் அண்டைக்குச் சுரங்கத்துக்கே வரேல்லை. அவருக்குத் தும்மலோடை தடிமன்."

அக்கா தம்பியைப் பார்த்தா. தம்பி அக்காவைப் பார்த்தார். அக்கா கைத்தடியை ஊன்றி எழும்பினா. இரண்டு பேரும் தோளோடு தோள் நின்றார்கள்.

"தடிமனோ?" என்றா அக்கா.

"எங்கடை குடும்பத்திலை ஒருத்தருக்கும் தடிமன் வாறேல்லை" என்றார் சம்பந்தி. மூன்று வாரத்துக்கு முன் தடிமனுக்கு நான் மல்லித்தண்ணி அவித்துக் கொடுத்த மனிதர்.

"உங்கடை ஆள் பாடுறவர். எங்களுக்குத் தெரியும். உங்கடை பக்கத்திலை எல்லாரும் பாடுவினம்" என்றா அக்கா, அதை ஒரு பெரிய குற்றம்போல.

"பாடத் தெரிஞ்சவனை, அவனுக்குச் சுதி நிக்காது எண்டு ஆர் சொல்லப்போறான்?" என்றார் சம்பந்தி.

அடிலெயிட்காரர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். அவருக்கு உண்மையில் பாட வரும். அதை மறுக்கவும் முடியவில்லை, ஒப்புக்கொள்ளவும் முடியவில்லை. அக்காவும் தம்பியும் மாறி மாறி, ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் பிடித்துக்கொண்டு, பேய்க்குப் பயந்த, சுதி நிற்காத தங்கள் பூட்டனாருக்காக வழக்காடினார்கள். என் கணவர் என் காதருகில் குனிந்து, "தங்கடை ஆள் பயந்தாங்கொள்ளி எண்டு நிறுவிறதுக்கு இவ்வளவு பாடுபடுற சனத்தை நான் பாத்ததில்லை" என்றார்.

கடைசியில் கதை மூன்று விதமாகவும் அச்சாகியது. மருமகன் கணினியில் அடித்து, படங்கள் சேர்த்து, அடிலெயிட்காரரின் பதிப்பைச் சிறிய எழுத்தில் போட்டான். சிறிய எழுத்து என்பது அக்காவின் நிபந்தனை. அடுத்த மாதம் பேத்தி பிறந்தாள். அக்கா பின்னிக் கொண்டுவந்த தொப்பி அவள் தலையைவிடப் பெரியதாக இருந்தது.

போன வாரம் சம்பந்தி எங்கள் வீட்டுக்கு வந்தபோது கண்ணெல்லாம் சிவந்திருந்தது. நித்திரை காணாது என்றார். என்ன விஷயம் என்று கேட்டேன்.

"அக்கா. ஒவ்வொரு நாளும் விடிய ஆறு மணிக்குப் போன் அடிக்கிறா. புதுசா ஒரு கதை ஞாபகம் வந்ததாம், உடனை பதிஞ்சு வைக்கட்டாம். நேற்றைக்கு, அம்மாவின்ரை ஒன்றுவிட்ட சித்தப்பா வளர்த்த கோவேறு கழுதையைப் பற்றி ஒரு மணித்தியாலம் சொன்னா."

"நல்ல கதையோ?" என்று கேட்டார் என் கணவர்.

சம்பந்தி யோசித்தார். "கழுதை நல்ல கழுதை" என்றார். பிறகு கதிரையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.